சி டிரைவ் நிரம்பிவிட்டதா? அழிக்கும் முன் அளந்து பாருங்கள்

என் தங்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க உட்கார்ந்து, லேப்டாப்பில் இருந்த பழைய வேர்டு கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து அழித்திருக்கிறாள். 600 கோப்புகளுக்கும் மேல். சாயங்காலம் போன் வந்தது. "அக்கா, இவ்வளவு அழிச்சும் அந்தச் சிவப்புக் கோடு கொஞ்சம்கூட நகரலையே. லேப்டாப் கெட்டுப்போச்சா?"

லேப்டாப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு சாதாரண வேர்டு கோப்பு 50 கேபி என்று வைத்துக்கொண்டால், 600 கோப்புகள் சேர்ந்தாலும் 30 எம்பிதான். (உத்தேசமாக ஆயிரம் கேபி ஒரு எம்பி, ஆயிரம் எம்பி ஒரு ஜிபி.) அவளுடைய டிஸ்க் 256 ஜிபி. ஏரியிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மொண்ட கணக்கு. அந்த ஒரு சொம்பும் வெளியே போகவில்லை, ரீசைக்கிள் பின்னில் அப்படியே இருந்தது. நான் போய் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து, கோப்புகளை அளவு வாரியாக அடுக்கினேன். முதலில் நின்றது 11 ஜிபி அளவுள்ள ஒரு ஜிப் கோப்பு, அதாவது பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய பொட்டலம். ஏதோ பயிற்சி வகுப்பின் வீடியோக்கள். அதை அவள் என்றைக்கோ விரித்து, பார்த்தும் முடித்துவிட்டாள். விரித்த ஃபோல்டர் பக்கத்திலேயே இன்னொரு 11 ஜிபியை அடைத்துக்கொண்டு கிடந்தது. ஜிப் கோப்பை நீக்கி, பின்னையும் காலி செய்தோம். ஒரே நிமிடத்தில் 11 ஜிபி கிடைத்தது. அவள் மதியம் முழுக்க அழித்ததைப் போல 300 மடங்குக்கும் மேல்.

நிரம்பிய டிஸ்க்கைப் பார்த்ததும் நமக்கு வரும் முதல் எண்ணம் எதையாவது அழிக்க வேண்டும் என்பதுதான். அதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். இடத்தை அடைப்பவை பெரும்பாலும் ஆயிரம் சின்னக் கோப்புகள் அல்ல, பத்துப் பதினைந்து பெரிய கோப்புகள். அவை எங்கே இருக்கின்றன என்று கண்டுபிடித்துவிட்டால் வேலை பாதி முடிந்தது. கண்டுபிடிக்காமல் அழித்தால் நேரமும் போகும், சில சமயம் திரும்பக் கிடைக்காத ஒன்றும் சேர்ந்து போய்விடும். எனக்குக் கவலை இந்த இரண்டாவதைப் பற்றித்தான்.

எது எவ்வளவு பெரிது?

அளவுகளைப் பற்றி ஒரு உத்தேசக் கணக்கு மனதில் இருந்தால் போதும். எழுத்து மட்டும் உள்ள ஆவணம் சில பத்து கேபி. போனில் எடுக்கும் படம் பெரும்பாலும் 2 முதல் 5 எம்பி. வீடியோ என்றால் கணக்கே வேறு. ஐபோனில் 4கே தரத்தில், நொடிக்கு 30 ஃபிரேம் வீதம் ஒரு நிமிடம் எடுத்தால் சுமார் 170 எம்பி. அதையே 60 ஃபிரேமில் எடுத்தால் சுமார் 400 எம்பி. பத்து நிமிட விழா வீடியோ ஒன்று 4 ஜிபி. என் தங்கை அழித்த மாதிரியான வேர்டு கோப்புகளாக இருந்தால், அந்த 4 ஜிபியில் கிட்டத்தட்ட 80,000 கோப்புகள் அடங்கும்.

1956இல் ஐபிஎம் நிறுவனம் ராமாக் 305 என்ற கணினியை வெளியிட்டது. ஹார்ட் டிஸ்க்கோடு வந்த முதல் வணிகக் கணினி அது. அதன் டிஸ்க்கில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள். எடை ஒரு டன்னுக்கு மேல். அதில் சேமிக்க முடிந்தது 50 லட்சம் எழுத்துகள். இன்றைக்கு உங்கள் போனில் எடுக்கும் நல்ல தரமான படம் ஒன்றே அதை நிரப்பிவிடும். அதனால் இடம் போதவில்லை என்றால் நீங்கள் ஒழுங்கில்லாதவர் என்று அர்த்தமில்லை. கோப்புகள் அந்த வேகத்தில் பெருத்துவிட்டன.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 500 ஜிபி டிஸ்க் வாங்கினால் விண்டோஸில் 465 ஜிபிதான் காட்டும். 1 டிபி என்றால் 931 ஜிபி. 256 ஜிபி என்றால் 238. யாரும் ஏமாற்றவில்லை. டிஸ்க் தயாரிப்பவர்கள் 1 ஜிபி என்பதை 100 கோடி பைட் என்று எண்ணுகிறார்கள். விண்டோஸ் 1024 x 1024 x 1024 என்று பெருக்கி, சுமார் 107 கோடி பைட்டை 1 ஜிபி என்று எண்ணுகிறது. இருப்பது ஒரே அளவுதான், அளக்கும் படி வேறு. மேக் கணினிகள் 2009 முதல் தயாரிப்பாளர்களின் கணக்கையே பின்பற்றுவதால் அங்கே இந்த வித்தியாசம் தெரியாது.

அழித்தால் என்ன நடக்கிறது?

டிஸ்க்கைப் பொருளடக்கம் உள்ள ஒரு தடித்த புத்தகமாக நினைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கோப்பு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது பொருளடக்கத்தில் எழுதியிருக்கும். நீங்கள் ஒரு கோப்பில் டெலிட் பொத்தானை அழுத்தும்போது பக்கம் கிழிக்கப்படுவதில்லை. பொருளடக்கத்தில் அந்த வரி "ரீசைக்கிள் பின்" என்ற தலைப்பின் கீழ் மாற்றி எழுதப்படுகிறது, அவ்வளவுதான். பக்கங்கள் அதே இடத்தில் இருப்பதால் ஒரு பைட்கூட மிச்சமாவதில்லை. பின்னைக் காலி செய்யும்போதுதான் அந்த வரி அடிக்கப்பட்டு, "இந்தப் பக்கங்களில் இனி வேறு எழுதலாம்" என்று குறிக்கப்படுகிறது.

பின்னைக் காலி செய்த பிறகும் பழைய எழுத்து உடனே மறைவதில்லை. வேறொன்று அதன்மேல் எழுதப்படும் வரை சுழலும் தட்டுள்ள ஹார்ட் டிஸ்க்கில் அது அங்கேயே இருக்கும். மீட்பு மென்பொருள்கள் வேலை செய்வது இப்படித்தான். அதனால் தவறிப்போய் முக்கியமான ஒன்றை அழித்துவிட்டால் முதல் வேலை அந்தக் கணினியில் எதையும் சேமிக்காமல் நிறுத்துவது. மீட்பு மென்பொருளையும் அதே டிஸ்க்கில் இன்ஸ்டால் செய்யக் கூடாது, அதுவே பழைய கோப்பின்மேல் எழுதிவிடலாம். சுழலும் தட்டே இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் இந்த வாய்ப்பு மிகவும் குறைவு. அதில் ட்ரிம் என்ற ஏற்பாடு இருக்கிறது. அழித்த பகுதிகளைப் பற்றிக் கணினி எஸ்எஸ்டிக்குத் தகவல் சொல்லும், எஸ்எஸ்டி தன் வசதிப்படி அவற்றைத் துடைத்துத் தயாராக வைத்துக்கொள்ளும். துடைத்த பிறகு சாதாரண மென்பொருளால் மீட்க முடியாது. இன்றைய லேப்டாப்களில் பெரும்பாலும் எஸ்எஸ்டிதான் இருக்கிறது.

பென் டிரைவில் அழிக்கும்போது விண்டோஸ் பொதுவாக ரீசைக்கிள் பின்னுக்கு அனுப்பாமல் நேராகவே நீக்கிவிடும். ஷிஃப்ட் பொத்தானைச் சேர்த்து டெலிட் அழுத்தினாலும் அப்படித்தான். இந்த இரண்டு இடத்திலும் கை கொஞ்சம் நிதானமாகப் போகட்டும்.

காலியிடம் எதற்கு?

கடைசி ஜிபி வரை நிரப்பினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நீங்கள் எதையும் சேமிக்காத நேரத்திலும் கணினி டிஸ்க்கில் எழுதிக்கொண்டேதான் இருக்கிறது. பிரவுசர் பக்கங்களைத் தற்காலிகமாகச் சேமிக்கும். ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளைத் தாங்கும் தற்காலிக நினைவகமான ரேம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கின் ஒரு பகுதியை ரேம் போலப் பயன்படுத்தும். ஒரு அப்டேட் வந்தால் அதை இறக்கி, விரித்து, பழையதற்கும் ஒரு நகல் வைத்துக்கொள்ளும். இதற்கெல்லாம் இடம் இல்லாவிட்டால் அப்டேட் பாதியில் நிற்கும், கோப்பைச் சேமிக்கும்போது பிழைச் செய்தி வரும், சில மென்பொருள்கள் சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொள்ளும்.

எஸ்எஸ்டிக்குத் தனியாக ஒரு காரணமும் இருக்கிறது. அது சிறு சிறு பக்கங்களாக எழுதும், ஆனால் பெரிய தொகுதிகளாகத்தான் துடைக்க முடியும். ஒரு தொகுதியைத் துடைக்க வேண்டுமென்றால் அதிலிருக்கும் வேண்டிய பக்கங்களை முதலில் வேறு இடத்துக்கு நகர்த்த வேண்டும். காலியிடம் தாராளமாக இருந்தால் இந்த நகர்த்தல் சுலபம். இல்லாவிட்டால் ஒன்றை எழுத நான்கை நகர்த்த வேண்டியிருக்கும். எழுதும் வேகம் குறையும், தேய்மானமும் கூடும். 10 முதல் 20 சதவீதம் வரை காலியாக வைத்திருப்பது நல்ல பழக்கம். விண்டோஸில் காலியிடம் 10 சதவீதத்துக்குக் கீழே போனால் டிரைவின் கோடு சிவப்பாகும். அந்தச் சிவப்பு வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

முதலில் அளவெடுப்போம்

விண்டோஸ் 10 அல்லது 11 என்றால் செட்டிங்ஸ், அதற்குள் சிஸ்டம், அதற்குள் ஸ்டோரேஜ். ஆப்களுக்கு இவ்வளவு, தற்காலிகக் கோப்புகளுக்கு இவ்வளவு, ஆவணங்களுக்கு இவ்வளவு என்று பிரித்துக் காட்டும். மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸுக்குள் ஜெனரல், அதற்குள் ஸ்டோரேஜ். இது மேலோட்டமான கணக்கு. "மற்றவை 70 ஜிபி" என்று வந்தால் அதை வைத்து நாம் ஒன்றும் செய்ய முடியாது.

அப்போது வரைபடம் போடும் மென்பொருள்கள் கைகொடுக்கும். விண்டோஸுக்கு விஸ்ட்ரீ, வின்டிர்ஸ்டாட், ட்ரீசைஸ் ஃப்ரீ. மேக்குக்கு கிராண்ட்பெர்ஸ்பெக்டிவ். லினக்ஸில் க்னோம் டெஸ்க்டாப்போடு வரும் டிஸ்க் யூசேஜ் அனலைசர், டெர்மினல் பழகியவர்களுக்கு என்சிடியூ. எல்லாம் செய்வது ஒன்றைத்தான்: டிஸ்க்கில் எந்த ஃபோல்டர் எவ்வளவு பெரிது என்று கணக்கெடுத்துக் கண்முன் வைப்பது. நான் பெரும்பாலும் விஸ்ட்ரீயைத்தான் திறப்பேன். நான் சொன்ன அந்தப் பொருளடக்கத்தை அது நேரடியாகப் படித்துவிடுவதால், ஃபோல்டர் ஃபோல்டராக நுழைந்து எண்ணத் தேவையில்லை. லட்சக்கணக்கான கோப்புகளையும் சில நொடிகளில் அளந்துவிடும்.

தங்கையின் லேப்டாப்பில் அதை ஓடவிட்டதும் திரையின் கீழ்ப்பாதியில் வண்ணக் கட்டங்கள் விரிந்தன. ஒவ்வொரு கட்டமும் ஒரு கோப்பு, கட்டம் எவ்வளவு பெரிதோ கோப்பும் அவ்வளவு பெரிது. வயல்வெளியை மலைமேல் நின்று பார்ப்பது போல இருக்கும். அவள் அழித்த மாதிரியான ஆவணங்கள் எல்லாம் ஒரு மூலையில் தூசிபோலக் கிடந்தன. நடுவில் ஒரு பெரிய தொகுதி. அதன்மேல் சுட்டியை வைத்தால் பழைய ஐபோனின் பேக்கப் என்று தெரிந்தது. 38 ஜிபி. அந்த போனை அவள் மாற்றி மூன்று வருடம் ஆகிறது. அதைக் கணினியோடு இணைத்த நாளில் எடுத்த பேக்கப், கேட்பாரில்லாமல் அப்படியே இருந்திருக்கிறது. வலது ஓரத்தில் இன்னொரு பட்டை, ஒரு அரட்டைச் செயலி வருடக்கணக்காகச் சேர்த்து வைத்த வீடியோக்கள். அதற்குக் கீழே, அவள் மறந்தே போயிருந்த ஒரு கேம்.

இந்தப் படத்தைப் பார்த்த பிறகு அவளுக்கு நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. எதை விட்டு எதைத் தொட வேண்டும் என்று அவளே சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

எங்கிருந்து தொடங்குவது?

டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலிருந்துதான். அளவு வாரியாக அடுக்கினால் இன்ஸ்டால் செய்து முடித்த மென்பொருள்களின் செட்டப் கோப்புகள், விரித்த ஜிப்கள், அடைப்புக்குறிக்குள் 1, 2, 3 என்று எண் போட்ட ஒரே பிடிஎஃப்பின் நகல்கள் எல்லாம் வரிசையாக நிற்கும். செட்டப் கோப்பை எப்போது வேண்டுமானாலும் திரும்ப இறக்கலாம். அதை அழிக்கத் தயங்க வேண்டாம்.

அடுத்தது பயன்படுத்தாத மென்பொருள்கள். செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலை அளவு வாரியாக அடுக்கி, வேண்டாததை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் போய்க் கையால் அழிக்காதீர்கள். அப்படிச் செய்தால் மென்பொருளின் வேர்கள் பல இடங்களில் மிச்சமாக நிற்கும், பிறகு முறையாக நீக்கவும் முடியாமல் போகும்.

விண்டோஸ் தானே சேர்த்து வைக்கும் குப்பைக்கு அதே ஸ்டோரேஜ் பக்கத்தில் டெம்பரரி ஃபைல்ஸ் என்ற பகுதி இருக்கிறது. தற்காலிகக் கோப்புகள், அப்டேட்டின் மிச்சங்கள், படங்களின் சிறு முன்தோற்றங்கள் எல்லாம் அங்கே டிக் பெட்டிகளோடு வரும். பெரும்பாலானவற்றைத் தைரியமாக நீக்கலாம். ஆனால் அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் என்றும் ஒரு வரி வரும். "தற்காலிகம்" என்ற தலைப்பின் கீழ் இருப்பதால் பலர் யோசிக்காமல் டிக் செய்துவிடுகிறார்கள். சான்றிதழ், ரசீது, கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் என்று எத்தனையோ பேருக்கு முக்கியமான எல்லாமே டவுன்லோட்ஸில்தான் இருக்கும். அந்த ஒரு பெட்டியை மட்டும் காலியாக விடுங்கள். அந்த ஃபோல்டரை உங்கள் கண்ணால் பார்த்துத்தான் துப்புரவு செய்ய வேண்டும்.

அதே பட்டியலில் முந்தைய விண்டோஸ் இன்ஸ்டலேஷன் என்று ஒன்று தென்பட்டால், பெரிய அப்டேட் ஒன்று சமீபத்தில் நடந்திருக்கிறது என்று பொருள். பழைய விண்டோஸை முழுதாக ஒரு ஃபோல்டரில் எடுத்து வைத்திருக்கும், பல ஜிபி இருக்கும். பொதுவாகப் பத்து நாளில் தானாகவே நீங்கிவிடும். அவசரமாக இடம் வேண்டுமென்றால் இந்தப் பட்டியல் வழியாகவே நீக்கலாம். நீக்கிவிட்டால் பழைய பதிப்புக்குத் திரும்பிப் போக முடியாது, அதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இதையெல்லாம் மாதாமாதம் கையால் செய்ய வேண்டாம் என்றால் ஸ்டோரேஜ் சென்ஸை இயக்கி வைக்கலாம். ரீசைக்கிள் பின்னில் 30 நாளுக்கு மேல் கிடப்பதை அழிப்பது போன்ற வேலைகளை அது தானே பார்த்துக்கொள்ளும். அதிலும் டவுன்லோட்ஸுக்கான தேர்வை ஒருபோதும் வேண்டாம் என்றே வைத்திருங்கள்.

திறந்திருக்கும் வேலையை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டுக் கணினியை அணைக்கும் ஹைபர்னேட் வசதிக்காக விண்டோஸ் ஒரு மறைவான கோப்பை வைத்திருக்கும். வழக்கமாக ரேம் அளவில் 40 சதவீதம். 16 ஜிபி ரேம் உள்ள கணினியில் 6 ஜிபிக்கு மேல். கமாண்ட் பிராம்ப்ட்டை நிர்வாகி உரிமையோடு திறந்து இந்த வசதியை நிறுத்தினால் அந்தக் கோப்பும் போய்விடும். ஆனால் கணினியை வேகமாக எழுப்பும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் சேர்ந்து நின்றுவிடும். பேட்டரி தீரும்போது திறந்திருந்த வேலையைக் காப்பாற்றும் வசதியும் போகும். லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு நான் இதைச் சொல்வதில்லை.

கை வைக்கக் கூடாதவை

விண்டோஸ் ஃபோல்டருக்குள் எதையும் கையால் அழிக்காதீர்கள். குறிப்பாக அதற்குள் இருக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற ஃபோல்டர். அளந்து பார்த்தால் 10 ஜிபிக்கு மேல்கூடக் காட்டும், பார்த்ததும் கை துறுதுறுக்கும். அங்கே தெரியும் கோப்புகளில் பல விண்டோஸின் மற்ற ஃபோல்டர்களிலும் தெரிபவைதான். டிஸ்க்கில் இருப்பது ஒரே பிரதி, பொருளடக்கத்தில் அதற்கு இரண்டு வரிகள். எக்ஸ்ப்ளோரர் அதை இரண்டு தடவை எண்ணுவதால் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரிகிறது. அதை அழித்தால் விண்டோஸ் எழுந்திருக்காமலே போகலாம். டெம்பரரி ஃபைல்ஸ் பட்டியலில் அப்டேட்டின் மிச்சங்களை நீக்கும்போதே அதன் பழைய மிச்சங்களும் போய்விடும்.

ஒரே சொடுக்கில் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்து தருகிறேன் என்று வரும் மென்பொருள்களையும் தவிர்த்துவிடுங்கள். ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸின் அமைப்புகளை எழுதி வைத்திருக்கும் பதிவேடு. அதிலிருந்து ஆயிரம் வரியை நீக்கினாலும் ஒரு போன் படம் அளவுக்குக்கூட இடம் கிடைக்காது. தவறான ஒரு வரியை நீக்கினால் ஒரு மென்பொருளே நின்றுவிடலாம். இத்தகைய கருவிகளுக்கு ஆதரவளிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்லியிருக்கிறது.

பழைய படங்களை ஜிப் செய்து வைத்தால் இடம் மிச்சமாகுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஆகாது. ஜேபெக் படங்களும் எம்பி4 வீடியோக்களும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. பிழிந்த துணியை மறுபடி பிழிந்தால் எவ்வளவு தண்ணீர் வரும்? எழுத்துக் கோப்புகள் நன்றாகச் சுருங்கும், ஆனால் அவை முதலிலிருந்தே சிறியவை.

க்ளவுடில் இருக்கிறது என்ற நம்பிக்கை

இந்த இடத்தில் ஒரு நண்பரின் கதையைச் சொல்ல வேண்டும். அவர் கணினியில் ஒரு க்ளவுட் சேவையின், அதாவது கோப்புகளை இணையத்தில் சேமித்து வைக்கும் சேவையின், ஃபோல்டர் இருந்தது. அதில் குழந்தை பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள். "எல்லாம்தான் க்ளவுடில் இருக்கிறதே" என்று கணினியிலிருந்த ஃபோல்டரை அழித்துவிட்டார். இடம் கிடைத்தது. ஒரு வாரம் கழித்து போனில் பார்த்தால் படங்களைக் காணோம். அழித்ததை அந்தச் சேவை உண்மையாக எடுத்துக்கொண்டு, எல்லா இடத்திலும் அழித்துவிட்டது. நல்லவேளை, சேவையின் இணையதளத்துக்கும் ஒரு குப்பைத்தொட்டி இருந்தது, கெடு முடியவில்லை. எல்லாம் திரும்ப வந்தன.

சிங்க் என்பது கண்ணாடி மாதிரி. இங்கே கையை எடுத்தால் அங்கேயும் எடுக்கும். பேக்கப் என்பது தனியாக எடுத்து வைத்த பிரதி, இங்கே நடப்பது அதைத் தொடாது. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் இழப்புகள் நேர்கின்றன.

க்ளவுட் ஃபோல்டரில் இருந்துகொண்டே கணினியில் இடத்தை மீட்க முறையான வழி இருக்கிறது. ஒன்டிரைவில் ஃபோல்டரின்மேல் வலது சொடுக்கினால் ஃப்ரீ அப் ஸ்பேஸ் என்று வரும். அதைத் தேர்ந்தெடுத்தால் கோப்பு க்ளவுடில் மட்டும் இருக்கும். கணினியில் பெயரும் ஒரு சிறு மேகக் குறியும் மிஞ்சும். திறக்கும்போது இணையம் வழியாக வந்து சேரும். மற்ற பெரிய சேவைகளிலும் வேறு பெயரில் இதே வசதி உண்டு. டெலிட்டை அல்ல, இதைத்தான் பயன்படுத்த வேண்டும்.

வெளி டிஸ்க்குக்கு மாற்றுவது

வீடியோக்களையும் பழைய படங்களையும் வெளி டிஸ்க்குக்கு நகர்த்துவதுதான் பெரும்பாலோருக்குப் பெரிய விடிவு. கட் செய்து ஒட்டாதீர்கள். காப்பி செய்யுங்கள். முடிந்ததும் இரண்டு ஃபோல்டரின் பிராப்பர்ட்டீஸையும் திறந்து கோப்புகளின் எண்ணிக்கையும் பைட் அளவும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். வெளி டிஸ்க்கிலிருந்து நாலைந்து கோப்புகளைத் திறந்தும் பாருங்கள். சேஃப்லி ரிமூவ் கொடுத்து வெளியே எடுத்து, மறுபடி ஒருமுறை செருகிப் பார்த்துவிட்டு, அப்புறம் மூலத்தை அழியுங்கள். கூடுதலாகப் பத்து நிமிடம் ஆகும்.

ஆனால் மூலத்தை அழித்த அந்த நொடியில் என்ன ஆனது? முன்பு கணினியில் ஒரே ஒரு பிரதி இருந்தது, இப்போது வெளி டிஸ்க்கில் ஒரே ஒரு பிரதி இருக்கிறது. இடம் மாறியிருக்கிறதே தவிரப் பாதுகாப்பு கூடவில்லை. கீழே விழுந்தால் போகக்கூடிய பொருளில் போய் உட்கார்ந்திருப்பதால் குறைந்திருக்கிறது என்றுகூடச் சொல்லலாம். தங்கையின் கட்டங்களுக்கு நடுவே எங்கள் பாட்டி பேசும் வீடியோ ஒன்றும் இருந்தது. 6 நிமிடம், 1 ஜிபிக்குக் கொஞ்சம் மேல். பாட்டி இப்போது இல்லை. அது வேறு எங்கும் இல்லை என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அன்றைக்கு எதையும் மேற்கொண்டு அழிப்பதற்கு முன்னால் அதை என் கணினிக்கும் ஒரு வெளி டிஸ்க்குக்கும் காப்பி செய்தோம். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனம், ஒன்றாவது வேறு இடத்தில் என்று ஒரு பழைய விதி உண்டு. திரும்ப எடுக்க முடியாத படங்களுக்கும் குரல்களுக்கும் அந்த விதியை விடாமல் பின்பற்றுங்கள். மற்றதற்கு அவ்வளவு சிரமம் வேண்டாம்.

ஒரே கோப்பின் இரட்டைப் பிரதிகளைத் தேட ட்யூப்குரு போன்ற இலவச மென்பொருள்கள் உள்ளன. பெயரை மட்டும் பார்க்காமல் உள்ளடக்கத்தையே ஒப்பிடும்படி வைத்துத் தேடுங்கள். ஒன்று கவனிக்க வேண்டும். அரட்டைச் செயலி வழியாக வந்த படமும் கேமராவில் எடுத்த மூலப் படமும் பார்க்க ஒன்றுபோலத் தெரியும், ஆனால் செயலிகள் பொதுவாகப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்புகின்றன. அழிப்பதாக இருந்தால் சிறியதை அழியுங்கள், பெரியதை வைத்திருங்கள்.

சி நிரம்பியிருக்கும், டி காலியாகக் கிடக்கும்

இது அடிக்கடி நடக்கிறது. கணினியை அமைத்தவர்கள் ஒரே டிஸ்க்கை சி, டி என்று இரண்டாகப் பிரித்திருப்பார்கள், அல்லது இரண்டாவதாக ஒரு டிஸ்க் இருக்கும். விண்டோஸ் எல்லாவற்றையும் சியிலேயே போட்டுக்கொண்டிருக்கும். இங்கே எதையும் அழிக்கவே தேவையில்லை. டியில் முதலில் வீடியோக்கள் என்று புதிதாக ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். பிறகு உங்கள் வீடியோஸ் ஃபோல்டரின் பிராப்பர்ட்டீஸில் லொகேஷன் என்ற தாவலைத் திறந்து, மூவ் கொடுத்து, அந்தப் புது ஃபோல்டரைக் காட்டுங்கள். பழைய கோப்புகளும் அங்கே போகும், இனி வருபவையும் அங்கேயே சேரும். டவுன்லோட்ஸுக்கும் படங்களுக்கும் இதே முறைதான், ஒவ்வொன்றுக்கும் தனி ஃபோல்டர். டி டிரைவையே நேராகக் காட்டிவிடாதீர்கள். அந்த டிரைவே வீடியோஸ் ஃபோல்டராக மாறிக் குழப்பிவிடும், திரும்ப மாற்றுவது தலைவலி.

மேக், லினக்ஸ்காரர்களுக்கு

மேக்கில் பெரிய கோப்பை நீக்கி, ட்ராஷையும் காலி செய்த பிறகும் காலியிடம் கூடவில்லை என்று திகைப்பவர்கள் உண்டு. மேக்கின் பேக்கப் வசதியான டைம் மெஷின் இயங்கினால் அது டிஸ்க்கின் அந்தந்த நேர நிலைகளை ஸ்னாப்ஷாட்டாகக் கணினியிலேயே வைத்திருக்கும். அழித்த கோப்பு அந்த ஸ்னாப்ஷாட்டில் இருக்கும் வரை இடம் விடுபடாது. வழக்கமாக 24 மணி நேரத்தில் பழைய ஸ்னாப்ஷாட்கள் தானாக நீங்கும். அதனால் ஒருநாள் பொறுத்துப் பாருங்கள்.

லினக்ஸில் ஈஎக்ஸ்டி4 என்ற கோப்பு அமைப்பு உள்ள டிஸ்க்காக இருந்தால் வழக்கமாக 5 சதவீதம் ரூட் பயனருக்காக, அதாவது கணினியின் நிர்வாகிக்காக, ஒதுக்கப்பட்டிருக்கும். நிரம்பிவிட்டது என்று சொல்லும்போதும் இன்னும் கொஞ்சம் இடம் இருப்பதுபோலக் கணக்கு இடிப்பது அதனால்தான். இன்னொன்று, ஒரு மென்பொருள் தன் நடப்புகளை எழுதிக்கொண்டே திறந்து வைத்திருக்கும் லாக் கோப்பை நீங்கள் அழித்தால் பெயர் மறையும், இடம் கிடைக்காது. அந்த மென்பொருளை மூடினாலோ மறுபடி தொடங்கினாலோதான் கிடைக்கும்.

இவ்வளவுக்கும் பிறகு போதவில்லை என்றால்

அளந்து பார்த்து, வேண்டாததை நீக்கி, நகர்த்த வேண்டியதை நகர்த்திய பிறகும் வாரா வாரம் சிவப்புக் கோடு வருகிறதென்றால் உங்கள் வேலைக்கு அந்த டிஸ்க் சிறியது. வீடியோ எடிட் செய்பவருக்கு 256 ஜிபி ஒருநாளும் போதாது. அந்த நிலையில் இன்னும் எதை அழிக்கலாம் என்று தேடிக்கொண்டிருந்தால் வேண்டியதிலேயே கைவைத்துவிடுவோம். பெரிய எஸ்எஸ்டிக்கு மாறுவதுதான் சரி. பல லேப்டாப்களில் எஸ்எஸ்டியைக் கழற்றி மாற்றலாம், சிலவற்றில் மதர்போர்டோடு பற்றவைத்திருப்பார்கள். வாங்கும் முன் உங்கள் மாடல் எந்த வகை என்று தயாரிப்பாளரின் கையேட்டில் பார்த்துவிடுங்கள்.

மாற்றும்போது பழைய டிஸ்க்கை அப்படியே புதியதற்கு நகலெடுக்கலாம். க்ளோன் செய்வது என்பார்கள். நகலெடுத்து, புதியதிலிருந்து கணினி எழுந்ததும் பழையதை அழித்து வேறு வேலைக்கு எடுத்துவிடாதீர்கள். ஒரு மாதமாவது ஒரு உறையில் போட்டு, தேதி எழுதி, அலமாரியில் வையுங்கள். ஏதோ ஒரு ஃபோல்டர் வரவில்லை என்பது பெரும்பாலும் மூன்றாவது வாரத்தில்தான் தெரியவரும்.